உடலும் ஓர் அமானிதமே
(உடல் பருமன் அறுவைச் சிகிச்சை குறித்து நம் பள்ளிவாசலில் ஆற்றிய உரை)

 

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அவர் மகளைப் பருமன் என்று கூறிச் சென்றுவிட்டனர். அதனால் அவளுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்ய முன்பணம் கட்டிவிட்டதாகக் கூறி, துஆச் செய்யுமாறு வேண்டினார். துஆச் செய்தோம். பின்னர், "அச்சிகிச்சையில் என்ன செய்வார்கள்?" என வினவினோம். அவருக்குத் தெரியவில்லை. ஆகவேதான் இன்று இதைப் பேச முற்பட்டோம்.

நாம் மருத்துவர் அல்லர். மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையே கூறுகிறோம். பரவலாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு வெட்டி அகற்றப்படுகிறது. அகற்றியதை மீண்டும் வைக்க இயலாது. மற்றொரு முறையில் சிறுகுடலின் முற்பகுதியைத் தவிர்த்து உணவுப் பாதை மாற்றியமைக்கப்படுகிறது. கடும் பருமனோடு நீரிழிவும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ளோர் பலருக்கு இது பெரும் பயன் தருகிறது. அதை நாம் மறுக்கவில்லை. தேர்ந்த மருத்துவமனைகளில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே உள்ளது.

எனினும் அந்த ஒருவரும் ஒரு வீட்டின் பிள்ளையே. 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த தனியார் மருத்துவமனையில் இச்சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்ததும், அரசு விசாரணை நடத்தியதும் நாம் அறிந்தவை.

தைத்த இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, இரத்தக்கட்டு ஆகியவை உடனடி ஆபத்துகள். பிற்காலத்தில் இரும்புச்சத்து, பி12, கால்சியம் குறையலாம். சத்து மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். பித்தப்பைக் கல் தோன்றலாம்; கவனம் தவறினால் எடை மீண்டும் ஏறலாம். 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். நிக்காஹுக்காக இதை நாடுவோரில் எத்தனை பேர் இதனை அறிவர்? ரமளான் நோன்பு குறித்தும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

எனவே முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: இது எனக்குத் தேவைதானா? வேறு வழி உண்டா? இம்மருத்துவர் இதில் எவ்வளவு அனுபவம் உள்ளவர்? நள்ளிரவில் நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டா? பின்னர் ஆண்டுதோறும் பார்ப்பவர் யார்? இரண்டாவது மருத்துவர் ஒருவரின் கருத்தையும் பெறுங்கள். வீட்டாருக்கு மறைத்துச் செய்யாதீர்கள்.

அந்தத் தகப்பனாரும் மகளை வேறொரு மருத்துவரிடம் காட்டினார். அறுவை தேவையில்லை, தைராய்டுக்கு மருந்தும் உணவு ஒழுங்கும் போதும் என்றார் அவர். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மகள் நலமாக இருக்கிறாள்.

இறுதியாக, பெண் பார்க்கச் செல்லும் நம் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வாசற்படி இறங்கும்போது சொல்லிவிட்டு வரும் ஒரு சொல், ஒரு பெண்ணை அறுவை மேசை வரை கொண்டு செல்கிறது. நாவைப் பேணுவோம். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.