இருமினால் கசிகிறதா?
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் உடல்நலம் பற்றிப் பேசும்படி சங்கம் எங்களைக் கேட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிப் பேச வேறு மேடைகள் உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது பெண்கள் பெண்களிடமே சொல்லாத ஒன்று: இருமினால், தும்மினால், சிரித்தால் சலம் கசிவது, மாலையானால் அடிவயிறு கனத்து, கீழே ஏதோ இறங்கி வருவதுபோல் இருப்பது.

1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. குடும்பநல மாது வீடு தேடி வரும் வழக்கம் அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான். 1930களில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு 2000 அளவில் தாய்மார் இறந்த நாட்டில், இன்று அந்தத் தொகை பன்மடங்கு குறைந்துவிட்டது. பெரிய சாதனை. ஆனால் பிழைத்த தாயின் உடம்பில் பிரசவம் விட்டுச் சென்றதை, “பிள்ளை பெற்றால் அப்படித்தான்” என்று நாமே ஒதுக்கிவிட்டோம். பிரான்ஸிலுள்ள தோழிகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பிரசவத்தின் பின் இதற்கென்றே பயிற்சி உண்டு. செலவை அரச காப்புறுதி ஏற்கிறது.

இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் சீலைபோல் விரிந்திருக்கும் தசைகள்தான் சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் மூன்றையும் தாங்குகின்றன. பிரசவத்தில் அவை இழுபடும். மாதவிடாய் நின்றபின் தளரும். நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குதல் எல்லாம் அவற்றின் மேல்தான் விழும். நாவுலப் பக்கத்தில் வெங்காய மூடையும் விறகுக் கட்டும் தூக்காத பெண் எத்தனை பேர்? தோட்டத்தில் மலசலகூடம் இல்லையென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. அதனால் கசிவு நிற்காது. சலம் தடித்து, எரிச்சலும் கிருமித் தொற்றும்தான் வரும்.

1948இல் ஆர்னல்ட் கெகல் என்ற அமெரிக்க வைத்தியர் இத்தசைகளுக்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். காசு வேண்டாம், கருவி வேண்டாம். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் பின்பக்கத்தை இறுக்கி, அப்படியே முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. ஐந்து விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. எட்டுப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இரண்டு கிழமையில் கைவிடுவோர்தான் அதிகம். சலம் கழிக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். தும்மல் வருமுன் ஒரு தடவை இறுக்குங்கள். பாரத்தை உடம்போடு அணைத்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள்.

பிள்ளை பெற்ற புதிதில் குதிப்பதும், படுத்தெழும் வயிற்றுப் பயிற்சியும் வேண்டாம், நடை போதும். எந்த உடற்பயிற்சியிலும் கீழே பாரம் தெரிந்தால் அதைக் குறைக்க வேண்டும். இன்றைய வலைப்பந்துப் போட்டிக்குப் பெயர் கொடுக்காத அக்காமார் சிலரின் காரணம் முழங்கால் அல்ல என்று எங்களுக்குத் தெரியும்!

இறுக்கும்போது வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். வெளியே இறங்கிவிட்ட கருப்பையைப் பயிற்சி மேலேற்றாது. அதற்கு உள்ளே வைக்கும் வளையமும் சத்திரசிகிச்சையும் உண்டு. மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டாலோ, சலம் அடைத்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

1996இல் தொடங்கிய ‘சுவநாரி’ கிளினிக், முப்பத்தைந்து வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கிறது. போகும்போது இதையும் சொல்லுங்கள். பெரிய வைத்திய வார்த்தை தேவையில்லை. “மிஸ், இருமினால் கசிகிறது” என்றால் போதும், அவருக்கு விளங்கும்.