வானம் தருவதும் ஏரி காப்பதும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். அகவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்பர் நிலவியலார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை அடையாளம் கண்டு அறிவித்தார். அங்கிருந்து அரியலூர்ப் பக்கம் வந்தால், சுண்ணாம்புப் பாறைகளுக்குள் கடற்சிப்பிகளும் நத்தைக் கூடுகளும் கல்லாய் உறைந்திருக்கக் காணலாம். மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பு இந்நிலத்தின்மேல் கடல் அலைந்தது என்பதற்கு அவை சான்று. கடல் கிடந்த அதே மண், இன்று ஐப்பசி பிறந்தால் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறது. கடலின் தடத்தின்மேல் குடிநீர்க் குடங்கள் வரிசையில் நிற்கும் காட்சியைக் கோடைதோறும் காண முடிகிறது.

மழை வேண்டும் என்ற ஏக்கம் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. அந்த ஏக்கத்தோடு மழையை வரவேற்கும் ஆயத்தமும் இருந்ததா, இன்றும் இருக்கிறதா என்பதே இவ்வுரையில் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

நிலமும் நீரும்

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே பச்சைமலை. இவற்றுக்கு இடைப்பட்ட பகுதியே பெரும்பாலும் இவ்விரு மாவட்டங்கள். திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் பிரிந்து மறு ஆண்டே மீண்டும் இணைந்த அரியலூர், 2007இல் தனி மாவட்டமாக நிலைபெற்றது. பிரிவினைகளும் இணைப்புகளும் வரைபடத்தில் நிகழ்ந்தன. நீர் மட்டும் பழைய வழியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சைமலையில் பெய்யும் மழை கல்லாறாகவும் மருதையாறாகவும் பல ஓடைகளாகவும் இறங்குகிறது. மருதையாறு இரு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றை மறித்து விசுவக்குடி நீர்த்தேக்கம் இந்நூற்றாண்டில் எழுந்தது. எறையூரை அடுத்துச் சின்னாற்றுக்கும் ஒரு நீர்த்தேக்கம் உண்டு.

எனினும் இப்பகுதி அணைகளை நம்பிய பகுதியன்று. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இந்நிலம் மழையையும் கிணற்றையும் நம்பியது. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் காடு விளையும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழையே தருகிறது. அந்த மூன்று மாதங்களில் ஏரிக்குள் வந்து சேராத நீர், பிறகு எக்காலத்திலும் வருவதில்லை.

காவிரி நீரும் இம்மண்ணை ஒரு சிறிது தொடுகிறது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் நீர் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியை நிரப்புகிறது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் தங்கும் அவ்வேரி, 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் மதித்த அந்த ஏரியும் மேட்டூரில் நீர் இருந்தால்தான் நிறையும். மேட்டூர் வற்றினால் கரைவெட்டியில் பறவைக்கும் வழியில்லை, பயிருக்கும் வழியில்லை.

வற்றிய ஆண்டுகள்

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. இயல்பாகப் பெய்ய வேண்டிய 440 மில்லிமீட்டருக்கு, தமிழ்நாட்டில் பெய்தது 168 மில்லிமீட்டரே. பற்றாக்குறை 62 விழுக்காடு. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 120 அடி முழு உயரமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் உடைய மேட்டூர் அணையில், அவ்வாண்டுக் கோடையில் நீர்மட்டம் 30 அடிக்கும் கீழே இறங்கியது. சூன் 12இல் திறக்க வேண்டிய அணை அக்டோபர் 2இல் திறக்கப்பட்டது.

மேட்டூரில் நீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஒரு காட்சி தோன்றும். அணை கட்டப்பட்டபோது மூழ்கிய ஊர்களின் கோயில் நந்தியும், கிறித்தவ ஆலயத்தின் கோபுரங்களும் நீருக்கு வெளியே தலை காட்டும். மக்கள் திரண்டு சென்று பார்ப்பர். அணைக்காக இடம்பெயர்ந்தவர்களின் வழிபாட்டிடங்கள் அவை. நீர் நிறைந்திருக்கும்போது மறைந்திருக்கும் அந்த நினைவு, பஞ்சம் வரும்போது வெளிப்படுகிறது. வறட்சிக்கு இப்படி ஓர் இயல்பு உண்டு. மறைந்து கிடந்ததை அது காட்டிவிடும். பெரம்பலூர், அரியலூர் ஏரிகளிலும் வறட்சி அதனையே செய்கிறது. நீர் வற்றிய ஏரிக்குள் இறங்கி நின்றால், மேடிட்ட வண்டலும் வேலிகாத்தான் புதரும் தூர்ந்த வரத்து வாய்க்காலும் கண்ணில் படும். வானத்தின் குறையோடு மனிதனின் குறையும் அங்கே தெரிந்துவிடும்.

மழையை வேண்டிய தமிழ்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். திங்களையும் ஞாயிற்றையும் போற்றிய இளங்கோவடிகள் அடுத்து மழையைப் போற்றிக் காப்பியத்தைத் தொடங்கினார். புறநானூற்றில் கபிலர் பாட்டு ஒன்று குறவர் குடியின் வேண்டுதலைக் கூறுகிறது. மழை வேண்டிப் பலி தூவிய அவர்களே, பெருமழை பெய்தபின் அது மேலெழுந்து போகட்டும் என்றும் கடவுளைப் பேணினர். மிகுதியும் குறையும் ஆகிய இரண்டையும் அறிந்த குடியின் வேண்டுதல் அது.

ஊர்ப்புற வழக்குகளும் நினைக்கத்தக்கவை. பெண்கள் வீடுவீடாகச் சென்று சோறு வாங்கி ஒன்றாய்க் கலந்து உண்ணும் மழைச்சோறு, ஊரின் தீமையையெல்லாம் உருவாக்கித் தெருவில் இழுத்துச் சென்று ஒப்பாரி வைக்கும் கொடும்பாவி ஆகிய இரண்டிலும் ஓர் உண்மை இருக்கிறது. மழை இன்மை தனி ஒருவரின் துயரமன்று. ஊர் முழுதும் கூடித் தாங்க வேண்டிய துயரம் என்பதே அது. எல்லார் வீட்டுச் சோறும் ஒரே பாத்திரத்தில் கலந்த அந்த ஒரு பொழுதிலேனும் ஊர் ஒன்றாயிற்று.

விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்பது இன்னொரு நம்பிக்கை. அதன் அடிப்படை கதையிலேயே உள்ளது. மறைந்து வாழும் பாண்டவரை எங்கே தேடுவது என்ற வினா எழுந்தபோது, தருமன் வாழும் நாட்டில் பருவம் தவறாது மழை பெய்யும், அதுவே அடையாளம் என்று வீடுமர் உணர்த்துகிறார். அறம் எங்கே, அங்கே மழை என்பது கதையின் துணிபு. தேவாரத்தில் மேகராகக் குறிஞ்சிப் பதிகங்களை மழை வேண்டி ஓதுவதும் வழக்கம்; 2019 கோடையில் தமிழ்நாட்டுக் கோயில்களில் அவ்வாறு ஓதப்பெற்றன.

இவையெல்லாம் வானத்தை நோக்கிய சொற்கள். மண்ணை நோக்கிய சொல்லும் பழந்தமிழில் உண்டு. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் உரைத்த புறப்பாட்டு அதற்குச் சான்று. புகழ் நிலைக்க வேண்டுமாயின், நிலம் தாழ்ந்த இடங்களில் நீரைத் தேக்கிவை என்று அரசனுக்கு அறிவுறுத்துகிறார் புலவர். வெற்றியைப் பாடிப் பரிசில் பெற வேண்டிய இடத்தில் குளம் வெட்டச் சொன்ன துணிவு அப்புலவருடையது. கவிஞர் கூடியுள்ள இந்த அவையில் அத்துணிவை நினைவுகூர்வது பொருந்தும்.

சோழகங்கம்

அந்த அறிவுரையின் பேருருவத்தை அரியலூர் மண்ணிலேயே காணலாம். கங்கை வரை படை செலுத்தி வென்ற முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி, அதனருகே ஒரு பேரேரியை அமைத்தான். சோழகங்கம் என்னும் அவ்வேரியை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சிறப்பிக்கிறது. வென்ற மன்னர் கல்லில் தூண் நடுவர். இவன் நீரில் நட்டான். இன்று பொன்னேரி என வழங்குவது அதுவே.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சான ஆங்கில நாட்டுக்குறிப்பு ஒன்று இவ்வேரியின் அழிவைப் பதிவு செய்துள்ளது. வடக்கு தெற்காக 16 மைல் நீளக் கரை, வலிய மதகுகள், தென்முனையில் கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் வந்த கால்வாய், வடக்கே வெள்ளாற்றிலிருந்து வந்த சிறு கால்வாய். இத்தனையும் இருந்த ஏரி பல ஆண்டுகளாகப் பயனற்றுக் காடு மண்டிக் கிடந்ததாக அக்குறிப்பு கூறுகிறது. கொள்ளிடத்தில் நீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளாறும் மழைக்காலத்தில் பெருகிக்கொண்டுதான் இருந்தது. நீரைக் கொணர்ந்த கால்வாய்களோ தடம் மட்டுமே எஞ்ச மறைந்துபோயின. ஆதலின் சோழகங்கம் வற்றிய பழியை வானத்தின்மேல் மட்டும் சுமத்துவதற்கில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலும் சிற்பக் கற்களும் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. அவ்விழப்புக்கு ஈடில்லை. அக்கற்கள் சென்று சேர்ந்த கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு நீர் செல்கிறது. வீராணமும் சோழர் ஏரியே. இராசேந்திரனுக்கு ஒரு நூற்றாண்டு முந்திய பராந்தகன் காலத்தது. 2004 முதல் அந்நீர் குழாய் வழியே 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னைக்குச் செல்கிறது. 2019 சூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோனபோது, தலைநகரின் தாகத்துக்குக் கைகொடுத்தவற்றுள் வீராணமும் ஒன்று. பேணப்பட்ட ஏரி ஆயிரம் ஆண்டு கடந்தும் ஊருக்கு நீர் தருகிறது. கைவிடப்பட்ட ஏரி வரலாற்றுக் குறிப்பாகச் சுருங்கிப் போகிறது.

மழை மட்டும் போதுமா?

அண்மை ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விடை தெரியும். 2015 இறுதியில் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. 2016இல் மழை பொய்த்தது. 2018 ஆகத்தில் மேட்டூர் நிரம்பி வழிந்து, கொள்ளிடத்தில் வந்த வெள்ளம் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளை உடைத்துச் சென்றது. அந்த வெள்ளம் அரியலூர் மாவட்டத்தின் தென்எல்லையைத் தொட்டபடியே கடலுக்குப் போயிற்று. மறு ஆண்டுக் கோடையில் சென்னை நீருக்குத் தவித்தது. வெள்ளமும் வறட்சியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் நாட்டில், மழையை வேண்டுவது பாதிப் பணியே. வந்த மழையை நிறுத்திவைப்பது மறுபாதி.

முன்னோர் அம்மறுபாதியை அறிந்திருந்தனர். உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் பற்றிப் பேசுகிறது. ஏரியைப் பேணுதற்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஊரார் கூடித் தூர் எடுத்த முறை குடிமராமத்து எனப்பட்டது. 2017இல் தமிழ்நாடு அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2025இல் சோழகங்கத்தைப் புதுப்பிக்கும் அறிவிப்பும் வந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஒரு முறை தூர் எடுத்தால் ஏரி என்றைக்கும் ஏரியாய் நின்றுவிடாது. ஆண்டுதோறும் வண்டல் வரும்; ஆண்டுதோறும் அதனை எடுக்க வேண்டும். எடுத்த வண்டல் வயலுக்கு உரமாகும்.

கவிஞர் கடமை

மதகு, கலிங்கு, குமிழித்தூம்பு, வரத்து வாய்க்கால், தாங்கல், ஏந்தல், நீர்க்கட்டி, கரம்பை. இச்சொற்களுள் எத்தனையை இன்றைய கவிதை அறியும்? மழையைப் பற்றிய கவிதைகளுக்குக் குறைவில்லை. சன்னலுக்கு வெளியே பெய்யும் மழை, காதலர் நனையும் மழை, குழந்தை காகிதக் கப்பல் விடும் மழை எனப் பல உண்டு. அம்மழை தரையில் விழுந்தபின் எங்கே போயிற்று என்று கேட்கும் கவிதை அரிது. கலிங்கு உடைந்தால் ஊர் கூடிக் கட்டலாம். கலிங்கு என்னும் சொல்லே மறந்துபோனால், உடைந்தது எது என்று சொல்லவும் ஊருக்கு வாய் இராது. பொருளை இழந்த ஊர் சொல்லையும் இழக்கும். சொல்லையும் இழந்த ஊர் பொருளை மீட்பது கடினம். ஆகவே அச்சொற்களைக் காப்பது மொழிப்பணி மட்டுமன்று, நீர்ப்பணியும் ஆகும்.

பெரம்பலூர், அரியலூர்க் கவிஞர்கள் தத்தம் ஊர் ஏரியின் கரையில் ஒரு நாள் நடக்கலாம். அதன் மதகுகளுக்கு முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதலாம். எந்த ஆண்டில் ஏரி வழிந்தது, எந்த ஆண்டில் வெடித்தது என்று கேட்டறியலாம். அச்செய்திகளிலிருந்து ஒரு பாட்டு பிறக்குமாயின் அது மழைச்சோற்றைப் போல ஊரை ஒன்று சேர்க்கும்.

பத்தாண்டு என்பது ஓர் ஏரியில் வண்டல் கணிசமாகப் படியும் காலம். இலக்கிய வட்டத்துக்கும் அது பொருந்தும். பழகிய சொற்களும் பழகிய பாராட்டுகளும் அடியில் தங்கியிருக்கக் கூடும். அவற்றை அள்ளி அப்புறப்படுத்தி, கரையைச் செப்பனிட்டு, வரத்து வாய்க்காலைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் புதிய நீர் வந்து சேரும். வானம் எப்பொழுது தரும் என்று எவரும் உறுதி கூற முடியாது. தரும் நாளில் ஏரி ஆயத்தமாக இருந்தது என்று பின்வருவோர் கூறுதல் வேண்டும். அப்பெயர் இவ்வட்டத்துக்கும் இம்மண்ணுக்கும் வாய்க்க வாழ்த்தி, உரை நிறைவு பெறுகிறது.