வில்லுக்கத்திக்கு அலகு மாத்தலாமோ?

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



போன மாதம் பேசிய மாஸ்ரர் குறுந்தொகையைப் பற்றி அருமையாகப் பேசினார். எனக்கு அந்தளவுக்கு ஒன்றும் தெரியாது. ஏ.எல். சோதனையோடு படிப்பு நின்று போச்சு. இப்ப ஒரு இரும்புச் சாமான் தொழிற்சாலையில் சாணை மெசினில் நிற்கிறேன். "தம்பி, உமக்குத் தெரிஞ்சதைப் பேசுமன்" என்று செயலாளர் அண்ணை சொன்னபடியால் ஒரு வில்லுக்கத்தியைப் பற்றிப் பேச வந்தனான்.

கத்தி என்றதும் முன்வரிசையில் ஒரு அன்ரி முகத்தைச் சுழிக்கிறா. பயப்படாதேயுங்கோ, கொண்டு வரவில்லை. மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு விழாத மடக்குக் கத்தியை வைத்திருக்க இந்த நாட்டின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்குதுதான். ஆனாலும் பொடியள் கத்தியாலை குத்துப்பட்டுச் சாகிற செய்தியைக் கிழமைக்குக் கிழமை கேட்கிற ஊரில், பிள்ளைகள் ஓடித் திரிகிற மண்டபத்துக்கு அதைக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை.

அது அப்பப்பாவின்ரை கத்தி. தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்திருந்த காலத்தில் கொழும்பு புறக்கோட்டையில் வாங்கினவராம். இரண்டு பக்கமும் மரைக்கொம்புக் கைபிடி, தலைப்பில் ஒரு வெள்ளைப் பூண், ஒரே ஒரு அலகு. அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் குத்தியிருக்கும். அதுக்குப் பக்கத்தில் "ஜீ", "ஆர்" என்ற இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒரு முடி. சின்ன வயதில் நான் அதை வேதக்காரரின் கத்தி என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. நட்சத்திரமும் சிலுவையும் ஷெபீல்ட் நகரத்து ஜோசப் றொட்ஜர்ஸ் கம்பனியின் அடையாளம். அந்த இரண்டு எழுத்தும் ஜோர்ஜ் மன்னரைக் குறிக்கிறவை. 1952இல் எலிசபெத் ராணி வந்த பிறகு "ஈ ஆர்" என்று குத்தினார்கள். ஆகவே கத்தி அதுக்கு முந்தியது.

இன்னொரு புதினம். ஷெபீல்ட் கத்திக்காரர் கைபிடிக்குப் பாவித்த மரைக்கொம்பு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. எங்கடை பக்கத்து மிருகத்தின் கொம்பு சீமைக்குப் போய்க் கைபிடியாகி, திரும்பக் கடல் தாண்டி அப்பப்பாவின் மடிக்கு வந்திருக்குது. இப்ப மூன்றாந்தரமும் கடல் தாண்டி என்னோடு நிற்குது.

அப்பப்பாவுக்குப் பிறகு அப்பா. பென்சில் சீவ, பட்டத்துக்கு மூங்கில் சீவ, மாங்காய் வெட்ட, சாக்குக் கட்டு அறுக்க, எல்லாத்துக்கும் அதுதான். கரி உருக்கில் செய்த அலகு, மாங்காய்ப்பால் பட்டால் கறுத்துப்போகும். கறள் பிடிக்காத உருக்கை அதே ஷெபீல்டில் ஹரி பிரெயர்லி என்பவர் 1913இல் கண்டுபிடித்தவர். ஆனாலும் பழைய கரி உருக்குக்குக் கிடைக்கிற கூர் வேறை என்று அப்பா சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றுக்கட்டுப் படியில் தீட்டுவார். அந்தப் படியில் நடுவில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

2009 மாசியில் மாத்தளனில் பதுங்குகுழிக்குள் இருக்கும்போது ஒரு மீன் ரின்னைத் திறக்க அப்பா அலகை விட்டு நெம்பியிருக்கிறார். அலகு பாதியோடு முறிந்து போச்சு. வில்லுக்கத்தி நெம்புகிற சாமான் இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ரின் திறக்க வேறு ஒன்றும் இல்லை. மூன்று கிழமை கழித்து அப்பாவும் இல்லை.

சித்திரையில் அம்மாவும் தங்கச்சியும் ஓமந்தைக்கு வந்தபோது பையைக் கொட்டிச் சோதித்திருக்கிறார்கள். ஆமிக்காரன் கத்தியை விரித்துப் பார்த்தானாம். முறிந்த அலகைக் கண்டு சிரித்துவிட்டுத் திருப்பி எறிந்தானாம். முழு அலகாக இருந்திருந்தால் அங்கேயே போயிருக்கும். அம்மா அதைச் செட்டிகுளம் முகாமிலும் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தவ. நான் முந்தியே வெளிக்கிட்டு விட்டபடியால் இதொன்றும் நேரில் காணவில்லை. 2015இல் ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் அம்மா அதை எனக்குக் குடுத்து விட்டா.

கன காலம் சாமித்தட்டில் அப்பாவின் படத்துக்கு முன்னாலே கிடந்தது. பிரச்சினை போன வருசம் தொடங்கியது. "உடைஞ்ச சாமானைச் சாமித்தட்டிலை வைக்கக்கூடாதப்பா. ஒண்டில் திருத்துங்கோ, இல்லாட்டி வேறை இடத்திலை வையுங்கோ" என்று மனைவி சொன்னா. அம்மாவிடம் கேட்டேன். "தம்பி, கத்தி எண்டால் வெட்டவேணும். அப்பா உயிரோடை இருந்தால் அண்டைக்கே கம்மாலைக்குக் கொண்டு போயிருப்பார். நீ புது அலகு போடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டா. ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சிக்குச் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, அந்த முறிவைச் செய்தது அப்பாவின்ரை கை. நீங்கள் அங்கை நிக்கேல்லை. தொடாதேங்கோ" என்றா.

அதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?

சரி, முதலில் என்ன செய்யலாம் என்று அறிவோம் என்று ஒரு சனிக்கிழமை ஷெபீல்ட் போனேன். அங்கே ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கத்திப் பட்டறைகள். சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்துச் செய்தவர்களை "லிட்டில் மெஸ்ரர்ஸ்" என்பார்கள். கெல்ஹாம் ஐலண்ட் நூதனசாலையில் அப்படியான பட்டறைகளை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். அந்தத் தொழிலில் பேர்போன ஸ்ரான் ஷோ என்பவர் 14 வயதில் வேலைக்குச் சேர்ந்து, 2021இல் 94 வயதில் காலமானார். இப்போது மிஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

அப்படி மிஞ்சிய ஒரு வயோதிபரிடம் கத்தியைக் குடுத்தேன். அவர் முதல் செய்த வேலை, விரித்து மடித்துக் காதுக்குக் கிட்டப் பிடித்தது. நல்ல வில்லுக்கத்தி நடக்கும், பேசும் என்பது அவர்களுடைய சொல். அதாவது அலகு தடங்கல் இல்லாமல் வரவேணும், கடைசியில் "டக்" என்று சத்தம் போடவேணும். "இது இன்னும் பேசுது" என்றார்.

வில்லுக்கத்தி என்று நாங்கள் ஏன் சொல்லுகிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு வடிவாக விளங்கியது. கைபிடியின் முதுகில் கிடக்கிற உருக்குப் பட்டைதான் வில். அலகின் அடிக்கட்டை ஒரு ஆணியில் சுழலும். வில் அந்த அடிக்கட்டையை அழுத்திக்கொண்டே இருக்கும். விரித்து நிற்கும்போதும் மடித்து நிற்கும்போதும் அடிக்கட்டையின் சப்பைப் பக்கம் வில்லில் குந்துகிறபடியால் அலகு அசையாது. இதில் பூட்டு ஒன்றும் இல்லை, எல்லாம் வில்லின் இழுவைதான்.

இதனால்தான் அலகு மாத்துவது லேசான வேலை இல்லை. கையால் செய்த கத்தியில் ஒவ்வொரு அடிக்கட்டையும் அதனதன் வில்லுக்கு அளந்து அராவியது. ஒரு கத்தியின் அலகைக் கழற்றி மற்றதுக்குப் போட்டால் ஒன்றில் ஆடும், இல்லாட்டி விரியாது. கார்ச் சாமான் போலப் பெட்டியில் வாங்கிப் பூட்ட ஏலாது. புதிதாக ஒரு அலகு வெட்டி, அடிக்கட்டையை விரித்த நிலை, பாதி நிலை, மடித்த நிலை மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அராவிச் சரிபார்த்து, பிறகு சூடாக்கித் தோய்ச்சல் குடுக்கவேணும். அதுக்கு முதல் பூணுக்குள் அடித்துப் பரப்பிய ஆணியைத் தட்டி எடுக்கவேணும். எழுபது எண்பது வருசக் கொம்பு அந்தத் தட்டலில் பிளக்கலாம். பிளந்தால் கைபிடியும் புதிது. "அதுக்குப் பிறகு பழைய கத்தி என்று உன்னிடம் மிஞ்சுவது வில்லும் இரண்டு பித்தளைத் தகடும்தான்" என்றார். செலவும் அந்தக் கத்தியின் விலையைவிடக் கூட.

பேசிக்கொண்டே அவர் மூட்டுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விரித்து மடித்து, கடதாசியால் துடைத்தார். கறுத்த எண்ணெயோடு கொஞ்சம் வெள்ளை மணல் வந்தது. "கடற்கரையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கசக்கி எறியப் போன கடதாசியை நான் கேட்டு வாங்கினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அவரே வழி சொன்னார். முறிந்தது போக நாலரைச் சென்ரிமீற்றர் அலகு இருக்குது. அதிலேயே புது முனை எடுக்கலாம். "நீ சாணைக்காரன்தானே, நீயே செய்" என்றார்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விபரமாகச் சொல்லவேணும், வீட்டில் முனை முறிந்த கத்தி வைத்திருக்கிற ஆட்களுக்கு உதவும். முனை எடுக்கும்போது கூர்ப்பக்கத்தைத் தேய்க்கக்கூடாது. முதுகுப் பக்கத்திலிருந்து சரிவாகத் தேய்த்துக் கூரோடு கொண்டுவந்து சேர்க்கவேணும். கூர்ப்பக்கத்திலிருந்து தேய்த்தால் முனை மேலே ஏறிவிடும், மடித்தாலும் கைபிடிக்கு வெளியிலே நீட்டிக்கொண்டு நிற்கும், பொக்கற்றும் கிழியும் கையும் கிழியும். என்னுடைய கத்தியில் இன்னொரு சிக்கல். விரிக்கிறதுக்கு நகம் வைக்கிற பள்ளம் முறிவுக்குக் கிட்ட இருந்தது. அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் சரிவைத் தொடங்க முடிந்தது. அதனாலே முனை கட்டையாகத்தான் வந்தது, ஆட்டுக்குளம்பு மாதிரி.

மற்றது சூடு. அலகைச் செய்யும்போது ஏறத்தாழ 800 பாகைக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ப்பார்கள். அப்போது கண்ணாடி போலக் கடினமாகிவிடும், விழுந்தாலே உடையும். பிறகு 200 பாகையளவில் திரும்பச் சூடாக்கினால்தான் கொஞ்சம் இளகித் தாக்குப்பிடிக்கும். சாணையில் கவனமில்லாமல் பிடித்தால் ஒரு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, 300 அளவில் நீலம். நீலம் கண்டால் அந்த இடத்தில் கூர் நிற்காது. வேலை முடிந்தபின் போர்மனிடம் கேட்டு, தண்ணீர் ஓடுகிற கல்லில், வெறும் விரலால் பிடித்துச் செய்தேன். விரலுக்குச் சுடுமுன் தண்ணீருக்குள் விட்டுவிடுவேன். பத்து நிமிச வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. தண்ணீர்க் கல்லுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. அந்தக் காலத்து ஷெபீல்டில் உலர்ந்த மணற்கல்லில் தீட்டினவர்களில் கன பேர் நாற்பது வயதைக் காணவில்லை. தூசி நெஞ்சை அரித்துவிட்டது. நான் முகமூடி போடாமல் மெசினுக்குக் கிட்டப் போகிறதில்லை.

கல்லில் வைக்கிறதுக்கு முந்தின இரவு அலகை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, முறிவின் பல்லுப்பல்லான கோட்டைப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். இரண்டு தரம் வரைந்து, நல்லதைத் தங்கச்சிக்குத் தபாலில் அனுப்பினேன். நான் செய்யப்போவதையும் எழுதினேன். அவ "கிடைச்சது" என்று ஒரு சொல் மட்டும் அனுப்பினா. ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் மூன்று கிழமை பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

அவ சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. அம்மா சொன்னபடி முழுதாக மாத்தியிருந்தால் அப்பா கிணற்றுக்கட்டில் தீட்டித் தீட்டித் தேய்ந்த அலகு போயிருக்கும், நட்சத்திரமும் சிலுவையும் போயிருக்கும். தங்கச்சி சொன்னபடி விட்டிருந்தால் அது ஒரு நாளும் ஒரு பழத்தை வெட்டியிராது. நான் முறிந்த விளிம்பை மட்டும் எடுத்தேன், ஏழெட்டு மில்லிமீற்றர்தான் வரும். அந்த ஏழெட்டு மில்லிமீற்றர்தான் அவவுக்கு முக்கியம் என்றால் நான் என்ன செய்ய?

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "வெட்டிக் காட்டு" என்றா. ஒரு தேசிக்காய் வெட்டினேன். "புளி பட்டது, உடனை துடை, கறுக்கும்" என்றா. கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசி வைத்தேன். (தேங்காயெண்ணெய் இந்தக் குளிருக்கு உறையும். மூட்டுக்குள் விடாதேயுங்கோ. அதுக்குத் தையல்மெசின் எண்ணெய் நல்லம்.) மணல் இருந்த கடதாசி மடித்தபடி அப்பாவின் படத்துக்குப் பின்னாலே இருக்குது.

தங்கச்சி ஆவணியில் பிள்ளைகளோடு இங்கே வருகிறா. வந்தால் கத்தியை அவவின் கையில்தான் குடுப்பேன். வைத்திருக்கப் போறாவோ, திருப்பித் தரப் போறாவோ, அவவின்ரை விருப்பம். அதுக்குள் மாம்பழம் வாங்கி வைக்கச் சொல்லி அம்மா இப்பவே சொல்லிக்கொண்டிருக்கிறா.

யாரிடமாவது இப்படிப் பழைய வில்லுக்கத்தி இருந்தால், பேச்சு முடிய என்னட்டை வந்து சொல்லுங்கோ. சாணை பிடித்துத் தாறதுக்குக் காசு வேண்டாம். ஆனால் மண்டபத்துக்குக் கொண்டு வராதேயுங்கோ, நான் வீட்டுக்கு வந்து எடுக்கிறேன்.