வேலி போடும் முன்

லண்டனில் ஹரோ, இல்ஃபோர்ட், குரொய்டன் பக்கம் 1930களில் கட்டிய வீடுகள் பலவற்றுக்குப் பின்வளவு நீளம். பிள்ளைகள் தலையெடுத்தபின், "அந்தக் காணியில் இன்னொரு வீடு போட்டால் என்ன?" என்ற பேச்சு வீட்டில் எழும். கவுன்சில் அனுமதி, கட்டுமானச் செலவு எல்லாவற்றையும் அலசுவார்கள். மூலதன ஆதாய வரியைப் பற்றி மட்டும், அத்திவாரம் வெட்டியபின்தான் கணக்காளரிடம் போய்க் கேட்பார்கள். அப்போது கேட்டால் அவரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

நாம் குடியிருக்கும் வீட்டை விற்று வரும் இலாபத்துக்குப் பிரித்தானியாவில் பொதுவாக இந்த வரி இல்லை. தோட்டத்துக்கும் அந்தச் சலுகை உண்டு, வீடு நிற்கும் நிலத்தையும் சேர்த்து அரை ஹெக்டேர் வரை. யாழ்ப்பாணக் கணக்கில் ஏறக்குறைய 20 பரப்பு. லண்டன் வளவுகளில் அதைத் தாண்டுவது அபூர்வம்.

ஆனால் விற்கும் வேளையில் அது நம் வீட்டுத் தோட்டமாகவே இருக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். வீட்டை முதலில் விற்றுவிட்டு, பின்காணியை நல்ல விலை வரும்வரை வைத்திருக்கிறார்கள். 1976இல் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கும் இதேதான். வீடு கைமாறிவிட்டது, ஆகவே மிஞ்சிய நிலம் விற்றவருடைய வீட்டுத் தோட்டம் அல்ல என்று தீர்ப்பாயிற்று. இன்றைய விகிதத்தில் கணக்குப் பாருங்கள். காணியில் 200,000 பவுண் இலாபம் என்றால், ஆண்டுக்குரிய 3,000 பவுண் விலக்குப் போக, 24 வீதப்படி 47,280 பவுண் வரி. காணியை முதலில் விற்றிருந்தால், அல்லது இரண்டையும் ஒன்றாக விற்றிருந்தால், ஒரு பென்ஸும் கட்ட வேண்டியதில்லை.

கட்டட அனுமதி எடுத்து விற்பதால் மட்டும் சலுகை போகாது. காணியை வேலி அடைத்துப் பிரித்து, வேலை தொடங்கியபின் விற்பதுதான் ஆபத்து.

நாமே கட்டி விற்பதானால் கதை வேறு. கட்டுமானத்தில் கிடைக்கும் இலாபத்தை வியாபார வருமானமாகக் கொண்டு வருமான வரி கேட்பார்கள். அது 45 வீதம்வரை போகலாம். அதுவரை தோட்டமாக இருந்தபோது ஏறிய காணி விலை அந்த இலாபத்தில் சேராது. ஆகவே மண்வெட்டி வைக்கும் முன்பே தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் காணியின் பெறுமதியை எழுத்தில் வாங்கி வையுங்கள். இந்தக் கடிதத்துக்குக் கொடுக்கும் காசை வீண்செலவு என்று நினைக்காதீர்கள்.

புது வீட்டில் நாமே குடியேறிப் பழையதை விற்பவர்களுக்கு ஓரளவு நிம்மதி. குடிபெயர்ந்தபின் 9 மாதங்களுக்குப் பழைய வீட்டின் சலுகை தொடரும். புது வீட்டைப் பின்னாளில் விற்கும்போது, காணி வாங்கிய நாளிலிருந்து காலத்தைக் கணக்கிட வேண்டும் என்று வரித் திணைக்களம் ஒரு வழக்கில் வாதாடியது. 2010இல் காணி வாங்கி, 2013இல் வீட்டைக் கட்டி முடித்துக் குடியேறி, 2014இல் விற்ற தம்பதியின் வழக்கு அது. வீடு உருவான நாளிலிருந்தே காலம் ஓடும் என்று மேல் தீர்ப்பாயம் 2023இல் அவர்கள் பக்கம் முடிவு சொன்னது.

எந்த வழியானாலும், குடியிருப்புச் சொத்தில் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டியிருந்தால், விற்பனை முடிந்து 60 நாளுக்குள் இணையத்தில் அறிவித்துப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். ஆண்டு முடிவில் போடும் வரிப் படிவத்துக்குக் காத்திருந்தால் தண்டம் வரும்.