கை விறைப்பும் கரந்துறையும் நோயும்

கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைத் தொழில் வேரூன்றியது 1867 ஆம் ஆண்டிலாகும். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். அன்று தொட்டு இம்மலைகளின் வாழ்வு கொழுந்து பறிக்கும் கைகளை நம்பியே இருந்து வருகின்றது. அக்கை விறைத்தால் ஒரு வீட்டின் அடுப்பும் தணியும்.

இரவில் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் விறைக்க, உறக்கங் கலைந்து கையை உதறுவோர் பலர். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் தடித்த நார்ப்பட்டைக்கும் இடையே ஒடுங்கிய வழியொன்று உண்டு. அதனூடே 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. இடம் குறுகும்போது நரம்பு நசுங்குகின்றது. ஓயாத கைவேலை, நீரிழிவு, தைரொயிட்டுச் சுரப்புக் குறைவு, கருப்பம் முதலியன இதற்கு ஏதுவாகலாம். இரவில் மணிக்கட்டை நேராக வைத்துக் கட்டுவதாலும், வேண்டின் சிறு சத்திரசிகிச்சையாலும் பெரும்பாலோர் நலமடைவர்.

ஆயினும், சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் விறைப்புத் தீராது, கால்களும் மரத்து, நடை தளர்ந்தால் என் செய்வது? அங்கே வேறொரு நோய் கரந்திருக்கலாம். உடல் சர்க்கரையைக் கிளைக்கோசனாகச் சேமிக்கின்றது. அது மரம்போற் கிளைத்திருந்தாலே நீரிற் கரையும். கிளை அமைக்கும் நொதியம் குறையின், நீண்ட இழைகள் கரையாத திரள்களாகி நரம்புகளில் தங்கும். இதுவே முதியோரைப் பற்றும் பொலிகுளுக்கோசன் நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறையால் உண்டாவது; மிக அரியது. இந்நொதியக் குறையின் குழந்தைப்பருவ வடிவை டொறதி அண்டர்சன் என்னும் வைத்தியப் பெருமாட்டி 1956 இல் விவரித்தார். முதியோரிடம் அது பெரும்பாலும் நாற்பது வயதின் பின்னரே வெளிப்படும். அடக்கவியலாத சிறுநீர் உந்தலே பலரிடம் முதற்குறி.

இக்குறிகள் தனித்தனியே தோன்றுவதால், சிறுநீர்க் குறையை ஒரு வைத்தியரும், கையை இன்னொருவரும், முதுகை வேறொருவரும் பார்ப்பர். நசிந்த நரம்பை விடுவித்தாலும் உள்நோய் நீங்காது. அதனை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. எனினும், உண்மை தெரிந்தால் வீண் சத்திரசிகிச்சை தவிரும். நடைக்கும் சிறுநீர்க் குறைக்கும் உரிய துணை காலத்தே கிட்டும்.

கை விறைத்தோர் அனைவரும் இவ்வரிய நோயை எண்ணி அஞ்சவேண்டியதில்லை. கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும் தொழிலாளி கையை மட்டும் காட்டாது, காலின் மரப்பையும் சிறுநீர்க் குறையையும் கூச்சமின்றிக் கூறுதல் வேண்டும். முழுதும் கூறப்பட்ட நோயே முழுதும் ஆராயப்படும்.