முதலடியில் நின்ற சிவப்பு மை



செங்கற்பட்டில் நான் தமிழாசிரியனாக இருந்த காலத்தில் எங்கள் பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடந்து வந்தது. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், பாலாற்றைப் பற்றித் தான் எழுதிய பாட்டை நான்காக மடித்து என் மேசைமீது வைத்துவிட்டு நின்றான். நான் சிவப்பு மையை எடுத்தேன். முதலடியிலேயே சந்திப்பிழை, வட்டமிட்டேன். வகுப்பார் அனைவரும் கேட்கும்படி அதனை விளக்கியும் காட்டினேன். இலக்கணம் கற்பித்துவிட்டோம் என்ற மனநிறைவு எனக்கு! அப்பையனோ பள்ளியை விட்டுச் செல்லும்வரை மறுபடி ஒரு வரியும் எழுதித் தரவில்லை.

அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தில், குமரகோட்டத்தில், கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய கதையைக் கேட்டிருப்பீர்கள். காப்புச் செய்யுளின் முதற் சொல்லிலேயே அவையோர் தடுத்தனராம். ழகரமும் தகரமும் கூடி டகரமாவதற்கு விதி எங்கே என்று வினவினர். புலவரால் விடை கூற இயலவில்லை. மறுநாள் சோழநாட்டினின்று வந்த ஒருவர் வீரசோழியத்திலிருந்து விதியைக் காட்டினார் என்றும், வந்தவர் முருகனே என்றும் கூறுவர். அது அன்பர்தம் நம்பிக்கை. என் மனம் தங்குவதோ இடைப்பட்ட அந்த ஓர் இரவில். விடை தெரியாமலே அவர் மறுநாளும் அவைக்கு வந்தார் அல்லவா?

பழங்கதை என்பீர்களாயின், உ. வே. சாமிநாதையரை நினைத்துப் பாருங்கள். 1887-இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பிழை மலிந்தது என்று கண்டனப் பிரசுரங்கள் வெளிவந்தன. அவர் ஏடு தேடுவதை விடவில்லை. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. 1907-இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு.

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கோ வேலையை மடித்து மறைக்கவும் வழியில்லை. தருமராச இரதத்தில் மேல்தளங்கள் நிறைவெய்தின, கீழ்த்தளம் எஞ்சிவிட்டது. பிடாரி இரதங்களும் வலையன்குட்டை இரதமும் அரைகுறையே. முற்றுப்பெறாத குடைவரைகளில், கல்லைப் பெயர்ப்பதற்காக இட்ட சதுரக் கட்டங்கள் அப்படியே தெரிகின்றன. அருச்சுனன் தபசு என்னும் பெரும் புடைப்புச் சிற்பத்திற்கு அவ்வூரிலேயே முடிவுறாத இணையொன்றும் உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக யாவரும் காண அது வெயிலில் நிற்கிறது.

மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோதெல்லாம் அந்தக் கல்லின்முன் சற்று நேரம் நிற்பேன். நான்காக மடித்த அந்தத் தாள் நினைவுக்கு வரும். முதலடிக்குப் பின் அவன் என்ன எழுதியிருந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அதற்குமேல் படிக்கவில்லை.