டயர் கடைக்குப் போகும் முன் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை
(தண்டலத்தில் நடந்த குடும்ப நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பல விஷயங்களை இந்தக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று கார் டயர் வாங்குவதைப் பற்றிப் பேசப் போகிறோம். இது என்ன தலைப்பு என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இங்குள்ள கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறார்கள். சொந்தமாக ஒரு காரை வாங்கி, அதை டாக்சியாக ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி தொழிலுக்கு இல்லாத வீடுகளிலும் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு நிக்காஹ் என்றால், பெரியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறோம். அத்தனை உயிர்களும் சாலையைத் தொடுவது நான்கு டயர்கள் வழியாகத்தான். ஒவ்வொரு டயரும் தரையில் பதியும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான்.

நாம் வாழும் இந்தப் பகுதியே டயர் செய்கிற பகுதி. ஒரகடத்தில் அப்போலோ டயர்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே. டயரும் சியட்டும் ஆலை வைத்திருக்கின்றன. எம்.ஆர்.எஃப். 1946-இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது. டயர் எப்படித் தயாராகிறது என்று தெரிந்த தொழிலாளிகள் நம் தெருக்களிலேயே இருப்பார்கள். ஆனால் டயர் கடையில் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் எடுத்துப் போட்டதை வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

முதல் கேள்வி, டயரை எப்போது மாற்றுவது? டயரின் பட்டன் வரிப்பள்ளங்களுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அடியில் சிறு சிறு மேடுகள் தட்டுப்படும். தேய்மானத்தைக் காட்டுவதற்காகவே கம்பெனி வைத்த அடையாளம் அது. பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். காருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு அது. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பள்ளங்களின் வேலை மழைத்தண்ணீரை வெளியே தள்ளுவது. பள்ளம் ஆழமில்லை என்றால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. நமக்குப் பெரிய மழை அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை. எனவே ஆகஸ்ட், செப்டம்பரிலேயே டயரைப் பார்த்துவிடுங்கள்.

பட்டன் இருந்தாலும் பக்கவாட்டில் வீக்கமோ, வெட்டோ, வெடிப்போ இருந்தால் அந்த டயர் ஆகாது. பள்ளத்தில் பலமாக இறங்கினால் உள்ளே இருக்கும் நூலிழை அறுந்து வெளியே கொப்புளம் போல் வீங்கும். அதற்குப் பஞ்சர் கடையில் மருந்து கிடையாது.

இரண்டாவது, அளவு. டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்பதுபோல் எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம் எத்தனை அங்குலம் என்பது. 88 என்பது சுமைக் குறியீடு: அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். அந்த வேகத்தில் ஓட்டலாம் என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். வெயிலிலும் வேகத்திலும் ஏறும் சூட்டை அந்த அளவுக்குத் தாங்கும் என்பதுதான் பொருள். உங்கள் வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "அந்த அளவு ஸ்டாக் இல்லை பாய், இதுவும் பொருந்தும்" என்றால், சுமைக் குறியீடு குறைந்த டயரை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள்.

மூன்றாவது, வயது. டயரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 1525 என்று இருந்தால் 2025-ஆம் ஆண்டின் 15-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் நாளாக ஆக இறுகும். நான்கு டயரிலும் இந்த எண்ணைப் பாருங்கள். பழைய இருப்பு என்றால் புதிய தேதியில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை, நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார். கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் டயருக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15633.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால், "கம்பெனியில் கழித்த டயர், பாதி விலை" என்று யாராவது சொன்னால் ஆசைப்படாதீர்கள். கழித்தார்கள் என்றால் காரணம் இருக்கும். மொட்டை டயரில் கத்தியால் மறுபடி பள்ளம் வெட்டி, கறுப்பு பூசி விற்பதையும் வாங்காதீர்கள். அதில் ரப்பர் கூடுவதில்லை, இருப்பதும் குறைகிறது. அதை நம்பிப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றலாமா?

நான்காவது, விலையும் பில்லும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 4,000 ரூபாய் உள்ள டயர் முன்பு 5,120 ரூபாய். இப்போது 4,720 ரூபாய். நான்கு டயருக்கு 1,600 ரூபாய் மிச்சம். பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். "பில் இல்லாமல் வாங்கினால் இன்னும் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். வரியை மறைப்பது நேர்மையான கொடுக்கல் வாங்கல் அல்ல. நாளைக்கு டயரில் குறை வந்தால் கையில் காகிதமும் இருக்காது. பில்லில் டயரின் பெயர், அளவு, வரிசை எண், வண்டி எண் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பில்லைத் தாய்மார்கள் ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் பையிலேயே வையுங்கள்.

தயாரிப்புக் குறை என்றால் கடைக்காரர் வழியாகக் கம்பெனி ஆள் வந்து பார்ப்பார். ஒப்புக்கொண்டால், பொதுவாக மிச்சமிருக்கும் பட்டன் ஆழத்தைக் கணக்கிட்டுத்தான் ஈடு தருவார்கள். பள்ளத்தில் இறங்கி வெட்டுப்பட்டதை வழக்கமாகத் தயாரிப்புக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நியாயம் கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

ஐந்தாவது, மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். டயரோடு வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். பேலன்சிங்கும் வீல் அலைன்மென்ட்டும் செய்யாமல் புது டயரை ஓட்டினால் ஒரு பக்கமே தேய்ந்து போகும். இதற்கெல்லாம் தனிக் கட்டணமா, டயர் விலையிலேயே அடக்கமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கையில் காசு குறைவு, இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால், புதிய இரண்டையும் பின்பக்கம் மாட்டுங்கள். முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரளவு சமாளிக்கலாம். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், சமாளிப்பது கடினம். ஸ்டெப்னியையும் அன்றே இறக்கிப் பாருங்கள்.

பழைய டயர்களைக் கடையிலேயே விலைபேசிக் கழித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் போட்டால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளரும். எரித்தால் அந்தப் புகை நம் தெருவுக்கே கேடு.

வண்டியைத் தொழிலாக வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு கணக்கு. நான்கு டயர் 20,000 ரூபாய், அவை 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 50 பைசா. மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடினால் மாதம் 2,000 ரூபாயை டயருக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பத்தாவது மாதம் டயர் தேயும்போது பணம் தயாராக இருக்கும். வட்டிக்கோ தவணைக்கோ கை நீட்ட வேண்டியதில்லை. பணம் இல்லை என்று மொட்டை டயரில் இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றவும் வேண்டியதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான கார் இன்சூரன்சில் டயர் மட்டும் பாழானால் ஒன்றும் கிடைக்காது. விபத்தில் வண்டியோடு சேர்ந்து பாழானால் டயர் விலையில் பாதிதான்.

கடைசியாக, காற்று. இதற்குப் பெரிய செலவு இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன், கதவுச் சீட்டில் எழுதியுள்ள அளவுக்குக் காற்றைச் சரிபாருங்கள். காற்று குறைந்த டயர் நசுங்கி நசுங்கிச் சூடாகும். வேகத்தில் வெடிப்பதற்கு அதுவே பெரும் காரணம். புது டயர் மாட்டிய முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.

நம் வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வீட்டுக்குப் போனதும் ஆண்கள் டயரைத் தொட்டுப் பாருங்கள், பெண்கள் "பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அடுத்த வாரம் அல்ல, இன்றைக்கே. இன்ஷா அல்லாஹ், எல்லோரும் போன இடத்திலிருந்து நலமாக வீடு திரும்புவோம். வஸ்ஸலாம்.